கடலோர அரசு உயர்நிலைப் பள்ளி: காசும் தேர்ச்சியும் எந்தக் கணக்கில் நிற்கிறது?

தேவிபட்டினம்_பெற்றோர்:
ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் நம்ம கரையில் உள்ள சின்ன உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றித்தான் இந்த இழை. 6 முதல் 10 வரை, மொத்தமே நூறு பிள்ளைகளைச் சுற்றி இருக்கும் பள்ளிகள். எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்குப் போனால் "வருஷத்துக்கு மானியம் 25,000தான், அதுல என்ன செய்ய" என்று சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நூற்றுக்கு நூறு என்று வாசலில் பேனர் இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள், கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. இந்த மூன்றும் எப்படி ஒரே பள்ளியில் சேர்ந்து நிற்கிறது? பணம் எந்த வழியில் வருகிறது, பெற்றோர் கை வைக்கக்கூடிய இடம் எது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

பழைய_கண்காணிப்பாளர்:
முதலில் அந்த 25,000. அது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவழிக்கும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் படிப்படியாக ஏறும்: 30 வரை 10,000, 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். ஆக 98 பிள்ளை இருக்கிற பள்ளிக்கும் 101 பிள்ளை இருக்கிற பள்ளிக்கும் நடுவில் மூன்றே பேர், மானியமோ இரண்டு மடங்கு.

ஆனால் பெற்றோர் எல்லாரும் இந்த மானியத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் தவறு. ஒரு பள்ளிக்கு அரசு கொடுக்கும் பெரிய பணம் மானியமாக வருவதில்லை, பணியிடமாக வருகிறது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. பன்னிரண்டு மாதத்துக்கு 4,36,800. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு வெளியே. ஒரே ஒரு பணியிடம் அந்த 25,000 மானியத்தைப் போல் பதினேழு மடங்கு. ஒரு பணியிடத்தை இழந்த பள்ளி பதினேழு வருஷத்து மானியத்தை ஒரே வருஷத்தில் இழந்த மாதிரி.

அந்தப் பணியிடத்தைத் தீர்மானிப்பது ஆகஸ்ட் 1ஆம் தேதி எமிஸில் (கல்வித்துறையின் கணினிப் பதிவேட்டில்) இருக்கிற தலை எண்ணிக்கை. பணியிட நிர்ணயத்துக்கு அடிப்படை 1997ஆம் ஆண்டு அரசாணை 525, அதன் பின் வந்த திருத்தங்கள். 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 9, 10க்கு 40 பிள்ளைக்கு ஒருவர். சின்னப் பள்ளிக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவர் வீதம் ஐந்து பேர். அதற்கு மேல் இருப்பவர் எண்ணிக்கை குறைந்தால் உபரி. உபரி என்று பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அடுத்து பணி நிரவல், வேறு ஊர்.

பாம்பன்_கரை:
அண்ணே, அஞ்சு பேரு பேப்பர்லதான் இருக்கு. ஒருத்தர் மாறுதல் கலந்தாய்வுல சொந்த மாவட்டத்துக்குப் போயிருவாரு, இன்னொருத்தர் மாற்றுப்பணின்னு வேற பள்ளிக்கூடத்துல இருப்பாரு, சம்பளம் மட்டும் இங்க இருந்து போகும். எமிஸ்ல பாத்தா ஆளு இருக்கு, வகுப்புல பாத்தா இல்ல. இதை எப்படிக் கேக்குறது?

பழைய_கண்காணிப்பாளர்:
பாம்பன்_கரை தம்பி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. முப்பது நாளில் பதில் தரவேண்டும். கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் ஆசிரியர் இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பதற்கு அந்தச் சட்டம் இல்லை, பதிவேட்டில் உள்ளதைக் கேட்பதற்குத்தான். இப்படி எழுதுங்கள்: இன்ன பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பாடவாரியாக எத்தனை, அதில் நிரப்பப்பட்டவை, காலியாக உள்ளவை, எந்தத் தேதி முதல் காலி, மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர், எந்த ஆணை எண், எந்தத் தேதி வரை, கடந்த மூன்று ஆண்டு பணியிட நிர்ணய அறிக்கையின் நகல். ஆசிரியர் பெயரைக் கேட்காதீர்கள், பணியிடத்தைக் கேளுங்கள். யாரோ ஒருவர்மீது புகார் என்று ஆகிவிட்டால் விஷயம் திசை மாறிவிடும்.

காலியிடம் உறுதியானால் அடுத்த படி எஸ்.எம்.சி. வழியாகத் தற்காலிக ஆசிரியர். 2022 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. தொகுப்பூதியம் இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. அறிவிப்பை ஒட்டி, தகுதி பார்த்து, கூட்டத் தீர்மானத்தோடு அனுப்பினால்தான் ஒப்புதல் வரும். நிறைய இடத்தில் தீர்மானம் போடாமலே ஒருவரை வரச்சொல்லி வகுப்பெடுக்க வைத்துவிடுகிறார்கள். பிறகு சம்பளம் கேட்கும்போது கோப்பே இருக்காது, வந்தவர் மூன்று மாதம் சும்மா வேலை பார்த்ததாக முடியும்.

கணித_டீச்சர்:
தேர்ச்சி விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 பத்தாம் வகுப்பில் நம் மாவட்டம் 96.36 சதவீதம், மாநிலத்தில் மூன்றாமிடம். மாநில சராசரி 91.55. இது உண்மையான உழைப்பு, யாரும் குறைத்துப் பேசக்கூடாது. மாலை வகுப்பு, சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, கணக்கில் 35 எடுக்க வைப்பதற்குத் தனியாக வடிவியலும் வரைபடமும் திரும்பத் திரும்பப் போட வைப்பது, இதெல்லாம் இந்தக் கரையில் நடக்கிறது.

ஆனால் அந்தச் சதவீதத்தின் கீழே நிற்கும் எண் "தேர்வு எழுதியவர்கள்". ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் அல்ல. உதாரணத்துக்கு ஒன்பதாம் வகுப்பில் 40 பேர் என்று வையுங்கள். ஐந்து பேர் பத்தாம் வகுப்புக்கு வரவே இல்லை. 35 பேர் பெயர்ப்பட்டியலில். தேர்வன்று இரண்டு பேர் வரவில்லை. 33 பேர் எழுதி 32 பேர் தேறினால் பேனரில் 97 சதவீதம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 80 சதவீதம். பேனரில் இல்லாத அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் தேர்வறைக்கே வரவில்லை, ஒருவர்தான் தவறியவர். எஸ்.எம்.சி.யில் பெற்றோர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஒன்பதாம் வகுப்பில் ஆகஸ்ட் மாதம் எத்தனை பேர், அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் எத்தனை பேர்?" இந்த இரண்டு எண்ணையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும், பள்ளியின் நிலை தெரிந்துவிடும்.

சாயல்குடி_பனங்காடு:
டீச்சர் சொல்லும் அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. எங்கள் பக்கம் பனை. பதனீர்க் காலம் தொடங்கினால் குடும்பமே விடிலிக்கு (பனங்காட்டுக் குடிசைக்கு)ப் போய்விடும், அப்பா மரமேறுவார், அம்மா கருப்பட்டி காய்ச்சுவார், ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். பொதுத்தேர்வும் ஆண்டுத்தேர்வும் அந்தக் காலத்துக்குள்ளேயே வருகிறது. கரிமூட்டம் போடுகிற குடும்பங்களுக்கும் இதே நிலைதான். இவர்களுக்கு விடுதி இடம்தான் வழி. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி இரண்டுக்கும் விண்ணப்பம் கல்வியாண்டுத் தொடக்கத்தில்தான். பிப்ரவரியில் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது. பனைக்குப் போகிற குடும்பங்களின் பட்டியலை ஜூன் மாதமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_கரை:
கடக்கரைல வேற மாதிரி. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்துல விசைப்படகு திங்க, புதன், சனி போகும். மறுநா காலைல படகு கரை சேரும். அன்னைக்கு ஐஸ் உடைக்க, கூடை தூக்க, மீன் பிரிக்கப் பையன் கைக்கு நூறு இருநூறு கிடைக்கும். வருகைப் பதிவேட்டை மாசக் கணக்குல பாக்காதீங்க, கிழமை வாரியாப் பிரிச்சுப் பாருங்க. செவ்வாயும் வியாழனும் மட்டும் வராத பையன் யாருன்னு தெரிஞ்சா, அவன் இன்னும் மூணு மாசத்துல நின்னுருவான்னு அர்த்தம். மாசச் சதவீதத்துல அவன் அறுபது எழுபதுன்னு நிப்பான், யாரு கண்ணுக்கும் படமாட்டான். தொடர்ந்து வராத பிள்ளையைத்தான் எமிஸ் காட்டிக் குடுக்கும். விட்டு விட்டு வாறவனைக் காட்டாது.

அலகுத் தேர்வு, ஆய்வகப் பயிற்சி எல்லாம் திங்க, புதன், வெள்ளில வச்சாலே பாதி பையனுக கைக்குள்ள நிப்பானுக.

கணித_டீச்சர்:
பாம்பன்_கரை அண்ணன் சொன்ன ஆய்வகம் மிக முக்கியம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15 வேண்டும். செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்னாடியே முடிந்துவிடும். அந்த ஒரு நாள் கடலுக்குப் போன பையன் எழுத்தில் 60 எடுத்தாலும் அறிவியலில் தேற முடியாது.

இன்னொன்று, கரையோரப் பள்ளி ஆய்வகத்தில் பொருள் சீக்கிரம் கெடுகிறது. அம்மீட்டர், வோல்ட்மீட்டர் முனைகளில் பச்சை பூத்துவிடும். மின்தடை எண் கண்டுபிடிக்கிற சோதனையில் முள் ஆடாது, பிள்ளை தான் ஏதோ தவறாக இணைத்துவிட்டோம் என்று நினைத்துப் பயந்து நிற்கும். முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகும். பிறகு கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் லேசாகச் சூடுகாட்டி மறுபடி வைக்கலாம். இரும்பு பீரோவில் திறந்து வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. குவிலென்ஸும் மீட்டர் கோலும் புதிதாக வாங்குவது பெரிய செலவில்லை, மானியத்திலேயே வாங்கலாம், வாங்குங்கள்.

கீழக்கரை_முன்னாள்_மாணவர்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊரில் கேள்வி வேறு மாதிரி வருகிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் தரத் தயார். ஆனால் அரசுப் பள்ளிக்கு எப்படிக் கொடுப்பது, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் வாட்டர் கூலர் ஒன்றும் மின்விசிறி நான்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கூலருக்கு வருஷப் பராமரிப்பு யாரும் ஏற்காததால் ஒரே வருஷத்தில் மூலையில் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் ஆர்.ஓ. மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும், மாற்ற ஆளில்லை.

பழைய_கண்காணிப்பாளர்:
வஅலைக்கும் ஸலாம் பாய். வழிகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" அமைப்பில் பள்ளியையும் தேவையையும் குறித்தே நன்கொடை கொடுக்கலாம், கணக்கும் ரசீதும் உண்டு. கட்டுமான வேலை என்றால் நமக்கு நாமே திட்டம்: மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஒன்பது லட்சத்துச் சுற்றுச்சுவருக்கு ஊர் மூன்று லட்சம் கட்டினால் போதும். விண்ணப்பம் வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாக ஆட்சியருக்குப் போகும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு கவனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியா, சிங்கப்பூர், புருனை என்று அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குப் பதிவு இல்லாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. முன்னாள் மாணவர் சங்கக் கணக்கில் இரண்டையும் கலந்துவிட்டால் நல்ல காரியம் வழக்கில் போய் நிற்கும்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஐந்து கோடி. வகுப்பறை, கழிப்பறை கேட்க அது சரியான இடம். தொண்டி பக்கத்துப் பள்ளிகளுக்குத் திருவாடானைத் தொகுதி, சாயல்குடி பக்கம் முதுகுளத்தூர் தொகுதி, கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் எல்லாம் ராமநாதபுரம் தொகுதி. மனுவோடு எஸ்.எம்.சி. தீர்மான நகலும் நிலம் பள்ளியின் பெயரில் இருப்பதற்கான ஆவணமும் இருக்கட்டும். கடலோரத்தில் நிறையப் பள்ளி நிலம் இன்னும் புறம்போக்கு என்றோ கோயில், பள்ளிவாசல், பங்கு நிலம் என்றோ பதிவில் கிடக்கிறது. கோப்பு அங்கேதான் நின்றுபோகிறது.

கட்டடப்_பொறியாளர்:
வகுப்பறை கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள். கடலோரத்தில் அரசுக் கட்டடம் இருபது வருஷத்தில் கூரை உதிர்வதற்குக் காரணம் உப்புக் காற்று மட்டும் இல்லை, உப்புத் தண்ணீரில் காங்கிரீட் கலப்பதும்தான். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைக்கிறது. அதன்படி காங்கிரீட் குறைந்தது எம்-30 தரம், கம்பிக்கு மேல் கவர் (கம்பியை மூடும் காங்கிரீட் கனம்) 45 மில்லிமீட்டர். கம்பி போட்ட காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நம்ம கரையோர போர்த் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாது, அதில் கலந்தால் கம்பி உள்ளேயிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். துருப்பிடித்த கம்பி பருத்து காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும், கூரை பெயர்ந்து விழுவது அப்படித்தான்.

வேலை நடக்கும்போது எஸ்.எம்.சி. பெற்றோர் பார்க்க வேண்டியது: தண்ணீர் லாரியில் வருகிறதா, பக்கத்து போரிலிருந்து வருகிறதா. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அல்லது அதற்குப் பதில் வெறும் ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று காங்கிரீட் போடுவதற்கு முன்னாடி போய்ப் பாருங்கள். போட்ட பிறகு பார்ப்பதில் பயன் இல்லை. சாக்குப் போட்டு நனைப்பதும் நல்ல தண்ணீரில்தான்.

உதிர்ந்த இடத்தில் வெறும் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது ஆபத்து. கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பிப் பிரஷால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த மோர்ட்டாரால் நிரப்ப வேண்டும். கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதற்கு மேல் கெட்டிருந்தால் பொதுப்பணித்துறையிடம் உறுதித்தன்மைச் சான்று கேட்டு, பிள்ளைகளை அங்கே உட்கார வைப்பதை நிறுத்துங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களை இடித்தார்கள். இடிக்கும் ஆணையும் புதிதாகக் கட்டும் ஆணையும் வேறு வேறு. இடித்த உடனே புதுக் கட்டடத்துக்கான மதிப்பீட்டையும் தீர்மானத்தையும் அனுப்பாத பள்ளிகளில் பிள்ளைகள் வராந்தாவில் இருக்கிறார்கள்.

தேவிபட்டினம்_பெற்றோர்:
நன்றி எல்லாருக்கும். மானியம் குறைவு என்பது புரிகிறது, அந்தக் குறைவான பணமே மார்ச்சில் திரும்பிப் போகிறதாமே, எப்படி?

பழைய_கண்காணிப்பாளர்:
2021 ஜூலை முதல் மத்திய அரசுத் திட்டப் பணம் பள்ளிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. மாநில அளவில் ஒரே முதன்மைக் கணக்கு, பள்ளிக்கு இருப்பில்லாத கணக்கும் செலவு வரம்பும் மட்டும். பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் பணப் பரிமாற்றத் தளம் மூலம் வரம்புக்குள் விற்பனையாளருக்கு நேரடியாகப் பணம் போகும். மார்ச் 31க்குள் செலவழிக்காத வரம்பு கணக்கிலிருந்து போய்விடும்.

வரம்பு விடுவிப்பதே பல வருஷம் கடைசிக் காலாண்டில்தான். அப்போது விலைப்புள்ளி வாங்க ஆரம்பித்தால் நேரமில்லை. விற்பனையாளரைப் பதிவு செய்யும்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினால் பணம் திரும்பிவிடும், அது தெரிய நான்கைந்து நாள். அதற்குள் மார்ச் முடிந்துவிடும். ஆகவே ஜூலைக் கூட்டத்திலேயே தேவைப் பட்டியலைத் தீர்மானமாக எழுதி, மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஜி.எஸ்.டி. எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள கடையைப் பதிவு செய்து வைத்துவிடுங்கள். வரம்பு வந்த அன்றே பில் போடலாம். பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பயன்பாட்டுச் சான்றில் தலைமையாசிரியரும் எஸ்.எம்.சி. தலைவரும் கையெழுத்து.

இதில் மேலிருந்து வரும் சிக்கலும் உண்டு. சமக்ர சிக்ஷா செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு. 2024-25இல் மத்தியப் பங்கு 2,152 கோடி தமிழகத்துக்கு விடுவிக்கப்படவில்லை, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டினார்கள். 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அப்படிப்பட்ட வருஷத்தில் சின்னப் பள்ளியின் 25,000 முதலில் அடிபடும். மேலே நடக்கிற அந்தச் சண்டையை எஸ்.எம்.சி. தீர்க்க முடியாது. கீழே பதிவேடு தயாராக இருந்தால் வந்த பணமாவது நிற்கும்.

மின் கட்டண அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அரசுப் பள்ளிக்கு 2பி(1) என்ற கட்டண வகை. புதுக் கட்டடத்துக்குப் போட்ட இணைப்பு தற்காலிக இணைப்பாகவே பல வருஷம் ஓடிக்கொண்டிருக்கும், தேவையில்லாமல் கூடுதல் கட்டணம் போகும்.

சாயல்குடி_பனங்காடு:
கண்காணிப்பாளர் ஐயா சொன்ன ஆகஸ்ட் 1க்கே திரும்ப வருகிறேன். பணியிடம் அந்தத் தேதியில்தான் என்றால் ஊர் செய்ய வேண்டிய வேலை ஏப்ரலில் தொடங்குகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதமும் ஆண்கள் கரையில் இருப்பார்கள், வீட்டில் உட்கார்ந்து பேசலாம். தனியார் பள்ளி வேன் வந்து கேட்பதும் அப்போதுதான். தடை முடிந்து படகு இறங்கிய பிறகு தலைமையாசிரியர் வீடு வீடாகப் போனால் அப்பாவைப் பார்க்கவே முடியாது.

கணித_டீச்சர்:
சேர்க்கையில் எமிஸ் செய்யும் குழப்பத்தையும் எழுதிவிடுகிறேன், நிறையப் பள்ளி இதில் பிள்ளையை இழக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தொடக்கப் பள்ளி எமிஸில் டி.சி. கொடுத்து விடுவித்தால் அந்தப் பெயர் காமன் பூல் என்ற எமிஸின் பொதுப் பட்டியலுக்குப் போகும். சேரும் பள்ளி எமிஸ் எண்ணைப் போட்டு அங்கிருந்து எடுக்க வேண்டும். நடப்பது என்ன? பிள்ளை ஜூன் மாதமே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பழைய பள்ளி விடுவித்திருக்காது, அல்லது இந்தப் பள்ளி எடுத்திருக்காது. ஆகஸ்ட் 1 அன்று கணினியில் அந்தப் பிள்ளை இல்லை. நான்கு பிள்ளை இப்படிக் காமன் பூலில் கிடந்தால் 101 என்பது 97 ஆகும். ஜூலை மூன்றாவது வாரம் வகுப்பில் உள்ள தலையையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். எஸ்.எம்.சி. உறுப்பினர் இப்போது 24 பேர், அதில் நான்கு பேர் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

தனியார் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் கட்டணப் பாக்கியைச் சொல்லி டி.சி. தரமாட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இருக்கிறது: டி.சி. தாமதமாவதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு, எமிஸில் விடுவிக்கச் சொல்லி மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிவிடுங்கள்.

பாம்பன்_கரை:
தூரமும் இருக்கு டீச்சர். தனுஷ்கோடில நடுநிலைப் பள்ளியோட முடியுது, ஒம்பதாவதுக்கு ராமேஸ்வரம் போகணும். பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியா அனுப்ப யோசிக்கிறாக.

கணித_டீச்சர்:
சமக்ர சிக்ஷாவில் போக்குவரத்துப் படி ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரை உண்டு, முன்பு எட்டாம் வகுப்போடு நின்றது, இப்போது உயர்நிலை வகுப்புக்கும் நீட்டியிருக்கிறார்கள். அதற்கான பெயர்ப்பட்டியல் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஏற வேண்டும், வட்டார வள மையத்துக்கு முந்தின கல்வியாண்டிலேயே தூரத்தோடு கொடுக்க வேண்டும். நான்கைந்து பிள்ளை சேர்ந்து ஆட்டோ வைத்தால் இந்தப் பணம் முழுச் செலவுக்குக் காணாது, ஆனால் வீட்டில் சம்மதம் வாங்க உதவும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை யாரும் விட்டுவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000க்குள். தேறினால் 9 முதல் 12 வரை வருஷம் 12,000, மொத்தம் 48,000. ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தப் பணம் 98 பிள்ளைப் பள்ளியின் ஒரு வருஷ மானியத்தைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்பதாம் வகுப்பில் பையனைக் கடலுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கிற பணம் இதுதான். தேறிய பிறகும் பலருக்கு நின்றுபோகும், காரணம் இரண்டு: ஆதாரில் உள்ள பெயரும் எமிஸ் பெயரும் ஒத்துப்போகாதது, வருஷா வருஷம் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்காதது. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொடரும், பட்டியல் வகுப்பினருக்கு 5 சதவீதம் தளர்வு. பள்ளி அனுப்பிவிடும் என்று இருந்துவிடாமல் கைபேசிக்கு வருகிற செய்தியைப் பெற்றோரே பார்க்கட்டும்.

கீழக்கரை_முன்னாள்_மாணவர்:
அப்படியென்றால் எங்கள் சங்கம் கூலர் வாங்குவதை விட்டுவிட்டு, எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். பயிற்சிக்கு ஒரு ஆசிரியரை வைத்து மாதம் சம்பளம் கொடுப்பது நல்லதா?

பழைய_கண்காணிப்பாளர்:
நல்லது பாய். பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கு வழியாக, தீர்மானத்தோடு கொடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். ஜூலையில் தொடங்கி தேர்வு வரைக்கும். மீனவக் கிராமங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரியிலிருந்து இப்படி ஆசிரியருக்குக் கொடுக்க ஊர்க்கூட்டம் ஒத்துக்கொண்டால் அதற்கும் இதே கணக்குமுறைதான், ரசீது புத்தகம் கழகத்தின் பெயரில் இருக்கட்டும்.

தேவிபட்டினம்_பெற்றோர்:
கடைசியாக ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரு மாதமாக வரவில்லை, அப்பாவோடு நாட்டுப்படகில் போகிறார்கள். பெயரை நீக்கிவிடலாமா என்று பள்ளியில் பேச்சு வருகிறது. நீக்கினால் தேர்ச்சிக்கு நல்லது என்கிறார்கள்.

கணித_டீச்சர்:
நீக்க விடாதீர்கள். பெயர் பட்டியலில் இருக்கிற வரைதான் அவர்கள் திரும்பி வந்து உட்கார முடியும், நீக்கிவிட்டால் மறுபடி டி.சி., சேர்க்கை என்று அலைய வேண்டும், வரமாட்டார்கள். இடைநின்றோர் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் வட்டார வள மையத்திலிருந்து ஆள் வருவார்கள். வெள்ளிக்கிழமை எஸ்.எம்.சி. கூட்டம் வரை காத்திருக்காமல், படகு கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போங்கள், வகுப்பாசிரியரும் கூட வரட்டும். வந்த பிறகு விட்டுப்போன பாடத்துக்கு மாலையில் தமிழும் கணக்கும் மட்டும் முதலில் எடுங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் திணித்தால் மறுவாரம் மறுபடி படகுக்குப் போய்விடுவார்கள்.